பாதாம் தோப்பின் வாடகைக்காரர்கள்

போர் நடந்த மேடு, ஆளுநர் பிறந்த வீடு என்று நினைவுப் பலகை வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசே விமான நிலையத்தில் உள்ள பலகை கொஞ்சம் வினோதமானது. மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்கள் வரிசையில் அதன் எண் 945. கிறிஸ்டோபர் ஷெல்டன் என்பவர் 1853 மார்ச் மாதம் தேனீயை இங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்று அது சொல்கிறது.

ஷெல்டன் தாவரவியல் அறிந்தவர். பனாமாவின் அட்லாண்டிக் கரையில் இருந்த ஆஸ்பின்வால் துறைமுகத்தில், நியூயார்க்காரர் ஒருவரிடம் 12 பெட்டித் தேனீக்களை விலைக்கு வாங்கினார். பனாமா கால்வாய் வருவதற்கு இன்னும் அறுபது ஆண்டு இருந்தது. ரயில்பாதையும் பாதி வழிக்குத்தான் போட்டிருந்தார்கள். ரயில் போன தூரம் ரயில், பிறகு ஆற்றில் தோணி, பிறகு கோவேறு கழுதை முதுகு, கடைசியில் நீராவிக் கப்பல். சான் பிரான்சிஸ்கோவில் இறக்கிப் பார்த்தபோது ஒரே ஒரு பெட்டியை நிரப்பும் அளவுக்குத்தான் உயிரோடு இருந்தன. அந்த வெற்றியைக்கூட அவர் அனுபவிக்கவில்லை. ஏப்ரலில் 'ஜென்னி லிண்ட்' என்ற பயணப் படகின் கொதிகலன் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் வெடித்தபோது இறந்தவர்களில் ஷெல்டனும் ஒருவர். தேனீக்கள் பிழைத்துப் பெருகின. அவர் விட்டுச் சென்ற சொத்தில் இருந்த தேனீக் குடும்பங்கள் ஏலத்தில் ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல் போயின.

நூறு டாலர் அந்தக் காலத்தில் பெரிய தொகை. தங்க வேட்டைக்கு வந்து குவிந்த கூட்டத்துக்குத் தேன் கிடைக்காததுதான் காரணம். தேன் சேர்க்கும் இந்தத் தேனீ அமெரிக்கக் கண்டத்துப் பிராணி அல்ல. ஐரோப்பாவிலிருந்து 1622-இல் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் வந்தது. குடியேறியவர்களோடு மேற்கே பரவியதும் ராக்கி மலைகளிலும் அதற்கு அப்பால் இருந்த பாலையிலும் முட்டி நின்றுவிட்டது. கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் அதிகமான சொந்தத் தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. பெட்டியில் அடைத்துத் தேன் எடுக்கத் தோதானவை அல்ல.

ஷெல்டனுக்குப் பின் அந்த வேலையைத் தொழிலாக்கியவர் ஜான் ஹார்பிசன். பென்சில்வேனியாவிலிருந்து 1857-இல் 67 பெட்டிகளை அதே பனாமா வழியாகச் சாக்ரமென்டோவுக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலானவை உயிரோடு வந்தன. 1869-இல் தெற்கே சான் டியேகோவுக்கு நகர்ந்து, மலைச்சரிவுகளில் பூத்துக் கிடந்த சேஜ் செடிகளை நம்பிப் பெட்டி வைத்தார். சில ஆண்டுகளில் அவருடைய தேன் ரயில் பெட்டி பெட்டியாகக் கிழக்கு நகரங்களுக்குப் போனது. அன்றைக்குத் தேனீ வளர்ப்பு என்றால் தேன் விற்பது, மெழுகு விற்பது, அவ்வளவுதான். பூவில் காய் பிடிக்க வைத்ததற்கு யாரும் காசு கேட்கவில்லை. கேட்டாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு தூரம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய முடிந்ததற்குப் பின்னால் ஒரு பாதிரியாரின் கண்டுபிடிப்பு இருக்கிறது. பிலடெல்பியாவில் இருந்த லாங்ஸ்ட்ராத், பெட்டிக்குள் தேனீக்கள் நடமாட ஏறத்தாழ முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி விட்டால் அங்கே அவை அடை கட்டுவதும் இல்லை, பிசின் பூசி அடைப்பதும் இல்லை என்று 1851-இல் கண்டார். மறு ஆண்டே காப்புரிமை வாங்கினார். அந்த இடைவெளி விட்டுச் செய்த பெட்டியில் சட்டங்களை ஒவ்வொன்றாக உருவலாம், பார்க்கலாம், திரும்பச் செருகலாம். கூட்டைச் சிதைக்கத் தேவையில்லை. (இதே தத்துவத்தை நம் சின்ன உடம்புத் தேனீக்கு ஏற்பக் குறுக்கி, 1910-களில் தென்னிந்தியாவில் பரப்பியவரும் ஒரு பாதிரியார்தான். 'நியூட்டன் பெட்டி' என்ற பெயர் மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களுக்குப் பழக்கம்.)

இனி பாதாம். அதுவும் வந்தேறிதான். மேற்கு, மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் பிறந்து, மத்தியதரைக் கடலோரமாக ஸ்பெயின்வரை போன மரம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார்கள் கலிபோர்னியக் கடற்கரையில் தங்கள் மடங்களை ஒட்டி நட்டுப் பார்த்தார்கள். கடலோரத்து ஈரமும் குளிரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்த பிறகே மரம் தலையெடுத்தது. அங்கே கோடை காய்ச்சி எடுக்கும். குளிர்காலம் மரத்தை உறங்கவைக்கும் அளவுக்கு இருக்கும். காய் உலரும் மாதங்களில் மழை கிடையாது. பாதாமுக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் பிரான்ஸிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த ரகங்கள் சரியாகக் காய்க்கவில்லை. 1879-இல் சுய்சன் பள்ளத்தாக்கில் ஏ. டி. ஹாட்ச் என்ற தோட்டக்காரர், விதையிலிருந்து முளைத்த தம் நாற்றுகளில் சிலவற்றைத் தேர்ந்து பெயர் சூட்டினார். அவற்றில் ஒன்று 'நான்பரெய்ல்'. மெல்லிய ஓடு, வழவழப்பான பருப்பு, தோல் உரிக்கச் சுலபம். நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. கலிபோர்னியாவில் அதிகம் விளையும் ரகம் இன்னும் அதுவே. இந்தியாவுக்கு ஓட்டோடு மூட்டையில் வந்து, இங்கே உடைக்கப்பட்டு, அல்வாவிலும் பாதாம் பாலிலும் சேர்வதும் பெரும்பாலும் அதே ஹாட்சின் கண்டெடுப்புத்தான். கலிபோர்னிய பாதாமை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது இந்தியா.

நான்பரெய்லுக்கு ஒரு குணம் உண்டு: தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆயிரம் ஏக்கரில் நான்பரெய்லை மட்டும் நட்டால், அத்தனை மரமும் ஒரே தாய் மரத்தின் ஒட்டு என்பதால், பூ மட்டும்தான் மிஞ்சும். இது அன்றைய தோட்டக்காரர்களுக்குத் தெரியாது. உறைபனி, மண், உரம், துரதிர்ஷ்டம் என்று எதை எதையோ குற்றம் சொன்னார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது பாதாம் தோப்பில் அல்ல, பேரிக்காய்த் தோப்பில். அதுவும் கண்டத்தின் மறுகோடியில். அமெரிக்க வேளாண் துறையின் மெர்ட்டன் வெயிட் 1890-களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் ஒரு பெரிய தோட்டத்தை ஆராய்ந்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், ஏறத்தாழ எல்லாமே பார்ட்லெட் ரகம், காய்ப்பு மட்டும் சொற்பம். வேறு ரக மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தவை மட்டும் ஒழுங்காகக் காய்த்திருந்தன. அயல் ரக மகரந்தம் வேண்டும், அதைப் பூச்சிதான் சுமக்க வேண்டும் என்று வெயிட் எழுதினார். பழத் தோட்டக்காரர்கள் தேனீயை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பாதாமுக்கு அதே கேள்வியைக் கேட்டவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வாரன் டஃப்ட்ஸ். 1919-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, அன்றைய முக்கிய பாதாம் ரகங்கள் எல்லாமே தன் மகரந்தம் ஏற்காதவை என்று நிறுவியது. இன்னொரு வேடிக்கையும் அதில் இருந்தது. ஹாட்ச் தேர்ந்தெடுத்த நான்பரெய்லும் ஐ.எக்ஸ்.எல். என்ற இன்னொரு ரகமும் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்பதில்லை. இரண்டையும் சேர்த்து நட்டு, கலப்பு ரகம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவர்கள் உண்மையில் ஒரே ரகத்தை நட்டதற்குச் சமமாக ஏமாந்திருந்தார்கள். அன்று முதல் பாதாம் தோப்பின் கோலம் மாறியது: நான்பரெய்ல் ஒரு வரிசை, அதற்கு ஒத்துப்போகும் வேறு ரகம் அடுத்த வரிசை. நடுவே தூது போக ஆள் வேண்டும்.

அந்தத் தூது சுலபமான வேலையல்ல. பாதாம் பூப்பது பிப்ரவரி நடுவில். மற்றப் பழ மரங்கள் கண் விழிக்காத காலம். பெரும்பாலான காட்டுத் தேனீக்களும் மண்ணுக்குள் உறங்கும் காலம். வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸைத் தொடாவிட்டால் பெட்டித் தேனீயும் வெளியே தலைகாட்டாது. மழை பெய்தால் பறக்காது. காற்று பலமாக அடித்தாலும் அப்படியே. பூவோ சில நாள்தான் மகரந்தம் ஏற்கும். ஆப்பிள் விவசாயி காய் அதிகம் பிடித்துவிட்டதென்று உதிர்த்துவிடுவார். பழம் பெரிதாக வேண்டும் அவருக்கு. பாதாம்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு பூவுக்கு ஒரு பருப்பு, பிடித்த வரைக்கும் காசு. ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்ற கணக்கு இப்படித்தான் ஊன்றியது.

ஒரு தேனீ பூவுக்குப் பூ தாவும்போது பல சமயம் ஒரே மரத்தில், ஒரே வரிசையில்தான் சுற்றுகிறது. பிறகு அயல் மகரந்தம் எப்படி வந்து சேர்கிறது? 1980-களில் ஆய்வாளர்கள் அதற்குக் கண்டறிந்த விடையில் பாதி பெட்டிக்குள் இருக்கிறது. நெரிசலான கூட்டில் ஒன்றோடொன்று உரசும்போதே தேனீக்களின் உடம்பிலுள்ள மகரந்தம் இடம் மாறிவிடுகிறது. பக்கத்து வரிசைக்கே போகாத தேனீயின் மயிரிலும் பக்கத்து வரிசையின் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தேனீயை ஊர் ஊராகக் கொண்டுபோகும் பழக்கம் பாதாமுக்காகத் தோன்றியதல்ல. யூட்டா மாநிலத்தின் நீஃபை மில்லர் 1907-இல் கலிபோர்னியாவுக்குப் போனபோது, தம் ஊரில் பனியில் பெட்டிகள் விறைத்துக் கிடக்கும் மாதத்தில் அங்கே தேனீக்கள் ஆரஞ்சுத் தோப்புகளில் பறப்பதைப் பார்த்தார் என்பார்கள். ரயிலில் பெட்டிகளை ஏற்றி, குளிர்காலத்துக்குக் கலிபோர்னியா, கோடைக்கு யூட்டா என்று ஆண்டுக்கு இரண்டு தேன் அறுவடை கண்டார். அமெரிக்காவில் தேனீயோடு இடம்பெயரும் தொழிலுக்கு அவரையே முன்னோடியாகச் சொல்கிறார்கள். அவருடைய கொள்ளுப் பேரன் ஜான் மில்லரும் அதே தொழிலில்தான் இறங்கினார். ஹன்னா நோர்ட்ஹாஸ் 2011-இல் எழுதிய புத்தகம் அவரைச் சுற்றியே நகர்கிறது. கொள்ளுத் தாத்தா தேனுக்காகப் போனார். கொள்ளுப் பேரன் போனது வாடகைக்காக.

அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பாதாம் ஒரு சிறு பயிர். உள்ளூர்ப் பெட்டிகளே போதும். தேனீக்காரருக்கும் பாதாம் பூ பிடிக்கும். பாதாம் தேன் கசப்பு, விற்க உதவாது. ஆனால் மகரந்தம் சத்தானது, குளிர்காலம் கழிந்து மெலிந்த குடும்பம் அதைத் தின்று சட்டென்று பெருகும். எனவே சொற்ப வாடகைக்கும் பெட்டி வைத்தார்கள். வடக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்கள் 1960-களின் பிற்பகுதியில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தைத் தொட்ட பிறகு, பருத்தி விளைந்த நிலத்தில் பாதாம் ஏறியது. 2000-இல் காய்க்கும் மரம் சுமார் 5 லட்சம் ஏக்கர். 2020-இல் 12 லட்சத்துக்கு மேல். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ரெட் ப்ளஃப் வரை அறுநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மரம். உலக பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் பொருளாதாரப் பேராசிரியர்கள் நுழைந்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிள் தோட்டக்காரர் தேனீக்காரருக்குச் செய்யும் நன்மைக்கு விலை கிடைப்பதில்லை, தேனீக்காரர் திருப்பிச் செய்வதற்கும் அப்படியே. சந்தை தோற்கும் இடத்துக்கு இதுவே உதாரணம் என்பது அவர் வாதம். இருபது ஆண்டு பாடப்புத்தகங்களில் தேனீ அப்படியே ரீங்காரமிட்டது. ஹாங்காங்கில் பிறந்து சியாட்டிலில் பாடம் நடத்திய ஸ்டீவன் சியுங், வாஷிங்டன் மாநிலத்துத் தேனீக்காரர்களை நேரில் விசாரித்து 1973-இல் பதில் எழுதினார்: எழுத்திலும் வாய்மொழியிலும் ஒப்பந்தம் உண்டு, பூவுக்குப் பூ வாடகை வேறு, தேன் கொடுக்காத பூவுக்கு வாடகை அதிகம். தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டினாலே தெரிந்திருக்கும் என்று ஒரு குத்தும் வைத்தார். உதாரணத்தை வீட்டில் உட்கார்ந்து யோசித்தவருக்கும் போய்ப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

சியுங்கின் விதிப்படியே பாதாம் வாடகை ஏறியிருக்க வேண்டும். ஆனால் 1990-கள் முழுக்க மெதுவாகத்தான் ஊர்ந்தது. அதை உலுக்கியது ஓர் ஒட்டுண்ணி. வரோவா என்ற சிவந்த உண்ணி, ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. நம் தேனீ அதை உடம்பிலிருந்து பொறுக்கி எறியும். உண்ணியும் ஆண் தேனீக்களின் புழு அறைகளில் மட்டும் பெருகி அடக்கமாக இருக்கும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தத் தற்காப்பு தெரியாது. 1987-இல் உண்ணி அமெரிக்காவில் தென்பட்டது. தேனீயின் உடம்பைத் தின்றதோடு வைரஸ்களையும் ஏற்றியது. மருந்துக்கு மேல் மருந்து செயலிழந்துகொண்டே போனது.

2004-05 குளிர்காலத்தில் பெட்டிகள் மடிந்தன, அதே சமயம் பாதாம் விலை உச்சத்தில் இருந்தது. பெட்டி கேட்டுத் தோட்டக்காரர்கள் போட்டி போட, 50 டாலரை ஒட்டி இருந்த வாடகை இரண்டே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டியது. 1922 முதல் வெளிநாட்டுத் தேனீயைத் தடுத்திருந்த சட்டக் கதவைத் திறந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் தேனீ வரவழைத்தார்கள். 2010 இறுதியில் கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் துறைமுகப் பகுதியில் ஆசிய அடுக்குத் தேனீ குடியேறியிருந்தது. அதோடு என்னென்ன நோய் வருமோ என்ற பயம்.

இதற்கு நடுவே 2006 நவம்பர் வந்தது. பென்சில்வேனியாவின் டேவ் ஹேக்கன்பர்க், ஃபுளோரிடாவில் வைத்திருந்த தம் 400 பெட்டிகளைப் பார்க்கப் போனால் ஏறத்தாழ 360 காலி. செத்த தேனீயும் கிடக்கவில்லை. ராணி, குஞ்சுப் புழு, தேன் எல்லாம் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் மாயம். செய்தித்தாள்கள் கைப்பேசி அலைவரை எல்லாவற்றின் மேலும் பழி போட்டன. ஆய்வுகள் சுட்டியது ஒரு வில்லனை அல்ல: உண்ணி, வைரஸ், குடல் ஒட்டுண்ணி, பூச்சிமருந்து, சத்துக் குறைவு, ஓயாத பயணம்.

பயணத்தைப் பாருங்கள். வடக்கு டகோட்டாவில் கோடைத் தேன் முடிந்ததும், சில பெட்டிகள் ஐடஹோவின் உருளைக்கிழங்குக் கிடங்குகளில் இருட்டிலும் குளிரிலும் உறங்கப் போகின்றன. ஜனவரியில் ஒரு பெரிய லாரிக்கு நானூறு பெட்டி, மேலே வலை, ஓட்டுநர் பகலில் வண்டியை நிறுத்தப் பயப்படுவார். நின்றால் தேனீ சூடேறி வெளியே வரப் பார்க்கும். கலிபோர்னிய எல்லைச் சோதனைச் சாவடியில் நெருப்பெறும்பு ஒட்டியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூ வருமுன்பே குடும்பம் பெருக வேண்டும் என்பதால் சர்க்கரைப் பாகும் மகரந்த அடையும் ஊட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் எட்டுச் சட்டம் நிறையத் தேனீ என்று எழுதியிருக்கும். பெட்டியைத் திறந்து எண்ணித்தான் பணம். பாதாம் முடிந்தால் சிலருக்கு வாஷிங்டன் ஆப்பிள், சிலருக்கு மெயின் மாநிலத்துப் புளூபெரி, பிறகு மறுபடி டகோட்டா.

ஆக ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏறத்தாழ 25 லட்சம் பெட்டிகள், அமெரிக்காவின் வணிகத் தேனீக்களில் பெரும்பகுதி, ஒரே பள்ளத்தாக்கில் கூடுகின்றன. எந்த மூலையில் ஒரு நோய் இருந்தாலும் மார்ச்சில் நாடு முழுக்கப் போய்விடும். ஒரு தொழில் தன் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டுவது விவேகமா என்று தேனீக்காரர்களே கேட்காமல் இல்லை. காசோலை அங்கேதானே கிடைக்கிறது?

காசு இருக்கும் இடத்துக்குத் திருடனும் வருவான். பெட்டி தூக்குவது தெரிந்த ஆள், ஒரு லாரி, ஒரு ஃபோர்க்லிஃப்ட், ஓர் இரவு போதும். 2017-இல் ஃப்ரெஸ்னோ அருகே ஒரு வயலில் போலீஸார் கண்டெடுத்த திருட்டுப் பெட்டிகளின் மதிப்பு பத்து லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. மூன்று ஆண்டு முன், 2014-இல், வேறு விதமான இழப்பு: பூக்காலத்தில் காளான்கொல்லியோடு பூச்சிவளர்ச்சித் தடுப்பு மருந்தையும் ஒரே தொட்டியில் கலந்து அடித்ததில் பல்லாயிரம் குடும்பங்கள் சேதமாயின. தனித்தனியே தேனீக்கு ஆபத்தில்லை என்று கருதப்பட்டவை சேர்ந்தபோது நஞ்சாயின என்பதைப் பின்னர் ஆய்வகம் காட்டியது. அந்த ஆண்டே பாதாம் வாரியம், தோட்டக்காரர்களுக்குத் தேனீப் பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 1950-இல் தோன்றிய வாரியத்துக்கு இது தோன்ற அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது.

2025 தொடக்கத்தில் விழுந்த அடி எல்லாவற்றையும்விடப் பெரிது. குளிர்காலம் கழிந்து பெட்டி திறந்த வணிகத் தேனீக்காரர்கள் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தார்கள். அரசு ஆய்வகம் மாதிரிகளில் கண்டது வைரஸ்களும், கடைசி நம்பிக்கையாக இருந்த அமிட்ராஸ் மருந்துக்கும் அசையாத வரோவாவும்.

பாதாம்காரர்கள் இதற்கிடையே வேறு வழியும் தேடிவிட்டார்கள். இத்தாலியின் தென்கோடியில் விளையும் டுவோனோ என்ற பழைய ரகம் தன் மகரந்தத்தையே ஏற்கும். அந்தக் குணத்தைக் கொண்ட புதிய மரங்கள் கலிபோர்னியத் தோப்புகளில் ஏறுகின்றன. 'இண்டிபெண்டன்ஸ்' ரகம் அவற்றில் பேர்போனது. ஒரே ரகத்தை வரிசையாக நடலாம், ஒரே தடவை உலுக்கி அறுவடை செய்யலாம். தேனீயே வேண்டாம் என்று விற்பவர்கள் சொன்னாலும், 2020-இல் வெளியான ஆய்வில் தேனீ போய்வந்த கிளைகளில் பருப்பு விளைச்சல் 20 சதவீதம் கூடியிருந்தது. இருந்தும் ஏக்கருக்கு இரண்டு பெட்டி எடுத்தவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள அது போதுமான சாக்கு. பாதாம் விலை சரிந்த ஆண்டுகளில் அந்தச் சாக்கு இன்னும் இனிக்கும்.

அமெரிக்காவில் மகரந்தச் சேர்க்கைக்காகக் கொடுக்கப்படும் மொத்த வாடகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாதாமிலிருந்து வருகிறது. ஆப்பிள், புளூபெரி, தர்பூசணி விவசாயிகள் கொடுப்பது மிச்சம்தான். பிப்ரவரிக் காசோலை ஆண்டுச் செலவைத் தாங்குவதால்தான் தேனீக்காரர் அந்தத் தோப்புகளுக்குக் குறைந்த வாடகைக்கு லாரி ஓட்டிப் போகிறார். பாதாம் வாடகை பாதியானால் கலிபோர்னியத் தோட்டக்காரர் புது ரகம் நட்டுச் சமாளித்துக்கொள்வார். பெட்டி கிடைக்காமல் முதலில் திண்டாடப்போவது ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி மெயின் மாநிலத்தில் புளூபெரி வளர்ப்பவர்.